பிரேக் போட்டது யார்?

அந்தப் பள்ளியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிரேன் என்றால்தான் தெரியும். பிள்ளைகளுக்குக் கிரேன் அக்கா, டீச்சர்களுக்கு வெறும் கிரேன், வேன் ஓட்டுபவருக்கு "நம்ம கிரேன்". நடக்க முடியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது. வேனிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாய்க்கு, பாயிலிருந்து கழிப்பறைக்கு, அங்கிருந்து மறுபடி நாற்காலிக்கு என்று ஒரு பிள்ளையை ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது தூக்கி இறக்க வேண்டும். பதினொரு வருஷமாக அவள் தூக்கினாள். யாரையும் கைக்குக் கூப்பிடாமல் தனியாகத் தூக்கினாள்.

அதற்கு முன்னால் அவள் ஒரு மாவு மில்லில் மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆள் வராத நாட்களில் மூட்டையையும் அவளே முதுகில் ஏற்றிக்கொண்டு போவாள். மில் மூடிய பிறகு பள்ளிக்குத் தரை துடைக்க வந்தாள். வந்த முதல் வாரமே நடைபாதையில் ஒரு பையன் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தான். இரண்டு டீச்சர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள், பையனை அள்ளி நாற்காலியில் வைத்தாள், மறுபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து துடைத்தாள். அதைப் பெரிய டீச்சர் தன் அறை வாசலிலிருந்து பார்த்துவிட்டார். மறுநாளிலிருந்து அவள் கையில் துடைப்பம் இல்லை.

"பிள்ளையைத் தூக்குறதுக்கு என்ன படிப்பு வேணும்? கை இருந்தா போதாதா?" என்று கேட்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வெறுந்தரையில் படுத்து, கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் கிடப்பாள் என்பது அவள் புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவனையும் வெளியே சொல்லக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தாள்.

தன் நாத்தனாரை அந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அவளேதான். புருஷனின் தங்கை, இரண்டு தெரு தள்ளி வீடு. இவள் புயல் என்றால் நாத்தனார் ஆமை. துண்டை நாலாக மடித்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பிரித்து மடிப்பவள். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் மூன்று தடவை கை கழுவுவாள். ஆனாலும் ஐந்து வருஷம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தார்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். நாத்தனார் "அண்ணி, அண்ணி" என்று உயிரை விடுவாள்.

அந்த உறவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுந்தது.

கிரேனின் மாமனாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துபோய், அவள் வீட்டு முன்னறையில் கட்டிலில் கிடந்தார். அன்றைக்கு அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேரும் நின்றார்கள். அக்குளில் கை கொடுத்துத் தலைப் பக்கம் கிரேன், கால் பக்கம் நாத்தனார். பேச்சே இல்லாமல் தூக்கினார்கள். நூறு தடவை செய்த வேலை, பேசுவதற்கு என்ன இருக்கிறது? அவரை உட்கார வைக்கும்போது நாற்காலி ஒரு முழம் பின்னால் உருண்டு போனது. கிழவர் தரையில் உட்கார்ந்தார். இடுப்பு எலும்பு விட்டுப்போனது. நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

நாற்காலிக்குப் பிரேக் போட வேண்டியது யார்? அவள் போட்டிருப்பாள் என்று இவள் நினைத்தாள். இவள் போட்டிருப்பாள் என்று அவள் நினைத்தாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில், நாலு பேர் பார்க்க, நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பெரிய கிரேனாம் கிரேன்! தூக்கத் தெரிஞ்சா போதுமா? பிரேக் போட்டியா நீ? எங்க அப்பாவைக் கீழ போட்டதே நீதான்!"

அதுவரைக்கும் "நீங்க" என்று பேசிய வாய் அது. அந்த "நீ" கிரேனின் கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது.

"கால் பக்கம் நின்னவ நீ. பிரேக் உன் முட்டிக்கிட்ட இருந்துச்சு. வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உருண்டிருக்குமா?"

அதோடு சரி. இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. பஸ்ஸில் ஒருத்தி முன்வாசலில் ஏறினால் மற்றவள் பின்வாசல். வேலையை விட இரண்டு பேருக்கும் மனசில்லை. தான் விட்டால் தப்பு தன்மேல் என்று ஊர் சொல்லும் என்று இரண்டு பேருக்கும் பயம்.

ஆனால் ஒரே அறையில் வேலை செய்கிறவர்கள் எப்படிப் பேசாமல் இருக்க முடியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிள்ளைகள் வழியாகப் பேசினார்கள். முக்கியமாக மகாராணி வழியாக.

மகாராணிக்குப் பதினைந்து வயது. பிறந்ததிலிருந்தே கை கால் விறைப்பு, வாயால் பேச வராது. ஆனால் தலையை நிமிர்த்திக்கொண்டு, எதிரில் வருபவர்களை மேலும் கீழும் பார்க்கிற பார்வையில் அந்தப் பெயர் வந்துவிட்டது. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம். இறுக்கி மூடினால் இல்லை. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டே வகுப்பில் கணக்குக்கு முதல் மதிப்பெண் வாங்குகிறவள். ஏழு வயதில் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவளைத் தூக்கியது கிரேன்தான்.

"மகாராணி, துண்டு எங்க இருக்குன்னு அந்தம்மாகிட்ட கேளுடி" என்பாள் கிரேன்.

"மகாராணி, வச்ச இடத்துலதான் இருக்குன்னு சொல்லு" என்பாள் நாத்தனார்.

"சில பேருக்குக் கை கழுவவே ஒரு நாள் பத்தாதுடி, மகாராணி."

"சில பேருக்குக் கழுவுற பழக்கமே கிடையாதுடி, மகாராணி."

ஆரம்பத்தில் அந்தப் பெண் சிரித்தாள். அவள் சிரித்தால் உடம்பே உதறும். பிறகு பிறகு சிரிப்பது நின்றுபோனது. அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

இந்தப் பேச்சில் ஒரு வசதி இருந்தது. கேட்டதற்கு எதிராளி பதில் சொல்லாவிட்டால், எல்லாம் சரி என்று அர்த்தம். ஏதாவது கோளாறு என்றால் மட்டும்தான் வாய் திறக்கும். இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை. தானாகப் பழகிப்போன ஏற்பாடு.

அப்படி இருக்கும்போதுதான் புதிய உத்தரவு வந்தது. முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கிற பிள்ளையை இனி கையால் தூக்கக் கூடாது. இயந்திரத்தால்தான் தூக்க வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற இரண்டு பேர் வேண்டும். ஒரு மாதத்தில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். தேறினால் சரி. தேறாவிட்டால், தேறிய ஆள் கிடைக்கும்வரை அந்தப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும்.

மகாராணி நாற்பத்தொரு கிலோ. வயதுக்கு வந்த பெண், பெண்கள்தான் தூக்க வேண்டும். பள்ளியில் உதவிக்கு இருந்த பெண்கள் இரண்டே பேர்.

பெரிய டீச்சர் இருவரையும் தன் அறையில் நிற்க வைத்துச் சொன்னார். "எனக்கு உங்க குடும்பக் கதை வேண்டாம். ரெண்டு பேரும் சேர்ந்து தூக்கினா அந்தப் பொண்ணுக்குப் பள்ளிக்கூடம். இல்லேன்னா இல்ல. அவ்வளவுதான்."

கிரேன் சுவரைப் பார்த்தாள். நாத்தனார் மேஜை மேலிருந்த காகிதக் கட்டின் ஓரத்தைச் சரி செய்தாள்.

இயந்திரம் பெரிய அட்டைப் பெட்டியில் வந்தது. கீழே சக்கரம் வைத்த இரண்டு நீளக் கால், நடுவில் ஒரு தூண், தூணிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்து, கழுத்து நுனியில் கொக்கிகள். பிள்ளைகள் பார்த்த அன்றே அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைக்கு அடியில் ஒரு தூக்குத் துணியை விரித்து, துணியின் நாலு மூலையிலும் இருக்கிற வளையங்களைக் கொக்கிகளில் மாட்டி, பொத்தானை அழுத்தினால் ஒட்டகம் கழுத்தைத் தூக்கும்.

கற்றுக்கொடுக்க இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்தார். இளவயதுக்காரர். "முட்டியை மடக்குங்க, முதுகை மடக்காதீங்க" என்பதை மணிக்குப் பத்துத் தடவை சொல்வார். அதனால் முட்டி சார்.

முதல் நாளே கிரேன் அவரிடம் மோதினாள்.

"சார், உங்க ஒட்டகம் கழுத்தை நிமிர்த்தறதுக்குள்ள நான் நாலு பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுட்டு ஒரு டீயும் குடிச்சிட்டு வந்துடுவேன்."

"குடிங்க. கால் கட்டைவிரல் மரத்துப்போகுதா?"

கிரேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் காலைப் பத்தி உங்களுக்கு எதுக்கு?"

"நிக்கிறப்ப இடது பக்கம் சாய்ஞ்சு நிக்கிறீங்களே, அதான் கேட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் இப்படித் தூக்கினா, உங்களைத் தூக்க ஒட்டகம் வரும்."

"வரட்டும். என் முதுகு, என் பாடு."

"உங்க முதுகு உங்க பாடுதான். இந்தப் பொண்ணோட தோளு யாரு பாடு?" என்றார் முட்டி சார். "அக்குள்ல கை கொடுத்துத் தூக்குறீங்க. விறைப்பு இருக்கிற பிள்ளைங்களுக்கு அந்த மூட்டு லேசா நழுவும். வலிச்சாலும் சொல்ல முடியாது." மகாராணி பக்கம் குனிந்து கேட்டார். "அக்கா தூக்குறப்ப தோள் வலிக்குமா?"

மகாராணி கிரேனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மெதுவாக மேலே தூக்கினாள்.

கிரேன் விருட்டென்று திரும்பினாள். வெளியே போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். உள்ளே நாத்தனார் மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்தது. "மகாராணி, இதைத்தான்டி நான் ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு வலித்தது என்பதா அதிகமாகச் சுட்டது, நாத்தனார் முன்னால் அது வெளியே வந்தது என்பதா? கிரேனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சி தொடங்கியது. நாற்காலிக்கு இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும். ஒட்டகத்தின் கால்களை அகல விரித்திருக்க வேண்டும். தோள் பக்கத்து வளையங்கள் இடதும் வலதும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், கால் பக்கமும் அப்படியே. நாலு விரல் உயரம் தூக்கி நிறுத்தி, நாலு வளையத்தையும் மறுபடி பார்த்துவிட்டுத்தான் மேலே தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன் பிள்ளையிடம் சொல்ல வேண்டும், பிள்ளை சரி என்ற பிறகே பொத்தானைத் தொட வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல, ஒருத்தர் கேட்கணும், இன்னொருத்தர் வாயைத் திறந்து சொல்லணும்" என்றார் முட்டி சார். "பார்த்திருப்பாங்க, போட்டிருப்பாங்கன்னு நினைச்சுக்கக் கூடாது."

பொத்தான் கிரேன் கையில். இடது பக்கத்து வளையங்கள் நாத்தனார் கையில்.

"மகாராணி, அந்தப் பக்கம் மாட்டியாச்சான்னு கேளு."

பதில் இல்லை. பதில் இல்லையென்றால் மாட்டியாச்சு. பொத்தானை அழுத்துவாள். ஒட்டகம் தூக்கும். முட்டி சார் இருக்கும் நாட்களில் மட்டும் நாத்தனார் "மகாராணி, ஆச்சுன்னு சொல்லு" என்று ஒப்புக்குச் சொல்லி வைப்பாள். பத்து நாள் இப்படியே ஓடியது. வேலையும் நடந்தது, வீம்பும் குறையவில்லை.

பதினோராவது நாள் முட்டி சார் வரவில்லை.

மத்தியானம் கழிப்பறைக்குக் கொண்டுபோக வேண்டிய நேரம். மகாராணிக்குக் கீழே துணியை விரித்தாயிற்று. கிரேன் தன் பக்கத்து இரண்டு வளையங்களையும் மாட்டினாள். நாத்தனார் இடது தோள் வளையத்தை மாட்டினாள். அப்போது பெண்ணின் தலையில் இருந்த கிளிப் துணியில் அழுந்தி மண்டையில் குத்துவதைப் பார்த்தாள். கிளிப்பைக் கழற்றித் தன் பல்லில் கடித்துக்கொண்டாள். கால் வளையத்தை எடுக்கக் குனிந்தால், அது நாற்காலியின் கால் பலகையில் போய்ச் சிக்கியிருந்தது. இரண்டு கையாலும் அதை விடுவித்துக்கொண்டிருந்தாள்.

"மகாராணி, அந்தப் பக்கம் ஆச்சான்னு கேளு" என்றாள் கிரேன்.

பதில் இல்லை.

கிரேன் பொத்தானை அழுத்தினாள்.

ஒட்டகம் கழுத்தை நிமிர்த்தியது. மூன்று மூலை மேலே போனது, ஒரு மூலை போகவில்லை. மகாராணி ஒரு பக்கமாகச் சரிந்தாள், இடது கால் துணியிலிருந்து நழுவித் தொங்கியது, முட்டி போய் இரும்புத் தூணில் மோதியது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எட்டு வருஷத்தில் கிரேன் கேட்டிராத சத்தம். நாத்தனார் தன் உடம்பையே அடியில் கொடுத்து அவளைத் தாங்கினாள். கிரேன் இறக்குகிற பொத்தானைத் தேடி அழுத்தினாள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நாத்தனார் கிளிப்பைத் துப்பினாள். "மகாராணி, கண்ணு தெரியாதவங்க கையிலயெல்லாம் பொத்தானைக் கொடுத்தா இப்படித்தான்!"

"மகாராணி, வாயை அடகு வச்சவங்களை வேலைக்கு வச்சா இப்படித்தான்னு சொல்லு!"

முட்டி வீங்கி நீலமாகிக்கொண்டிருந்தது. மகாராணி இருவரில் யாரையும் பார்க்கவில்லை. கூரையில் ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் அம்மா வந்தாள். துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். இடுப்பில் அகலமான பட்டை கட்டியிருந்தாள். மகளை வீட்டில் தனியாகத் தூக்கித் தூக்கி வந்த பட்டை அது. அழுதுகொண்டு வருவாள் என்று கிரேன் நினைத்திருந்தாள். அவள் சண்டைக்கு வந்தாள்.

"யாரு போட்டது என் பொண்ணை?"

"கீழ விழல. முட்டி லேசா…" என்று தொடங்கினாள் கிரேன்.

"அந்தப் பக்கம் வளையம் மாட்டல" என்று அவளே தொடர்ந்தாள்.

"மாட்டுறதுக்குள்ள அழுத்திட்டாங்க" என்றாள் நாத்தனார்.

"வாயைத் திறந்து சொல்லணும்."

"முகத்தைப் பார்த்துக் கேட்கணும்."

"நிறுத்துங்கடி!" என்று அந்த அம்மா கத்தினாள். நடைபாதை முழுக்கக் கேட்டது. "உங்க ரெண்டு பேர் சண்டையை என் பொண்ணு மேல ஏத்தி ஊஞ்சலாட்டுறீங்களா? வியாழக்கிழமை அதிகாரி வர்றாங்களாம். நீங்க தேறலேன்னா இவ வீட்டுல. இவ வீட்டுல இருந்தா நான் வேலையை விடணும். இவ காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டியைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். கணக்குல முதல் மார்க் வாங்கின பொண்ணு! உங்களுக்கென்ன, வாயை மூடிக்கிட்டு வீராப்பா வீட்டுக்குப் போயிடுவீங்க."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவள் வாசலில் திரும்பினாள். "பேசத் தெரியாதவ என் பொண்ணு. உங்களுக்கு என்ன கேடு?"



அன்றைக்குக் கிரேன் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு, கால் இரண்டையும் நாற்காலி மேல் வைத்தபடி, புருஷனிடம் முழுவதையும் சொன்னாள். நாத்தனார் மேல் நூறு குற்றம் சொன்னாள். அவன் காய் நறுக்கிக்கொண்டே கேட்டான். கடைசியில், "அப்பா விழுந்தன்னைக்கு நடந்ததும் இதேதானே?" என்றான்.

"என்ன இதே?"

"நீ கேட்கல. அவ சொல்லல."

"உன் தங்கச்சிக்கு வக்காலத்தா?" என்று எழுந்து உட்கார்ந்தாள். இடுப்பு சுளீர் என்றது. மறுபடி படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவன் வைத்த குழம்பில் உப்பில்லை என்று அதற்கும் ஒரு சண்டை போட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. அதிகாரி ஓர் அம்மாள், கண்ணாடி போட்டவர், கையில் அட்டையோடு காகிதம். முட்டி சார் சுவரோரம் நின்றார். பெரிய டீச்சர் வாசலில் நின்றார். மகாராணியின் அம்மா கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பெண்களையும் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றிக்கொள்ளும்.

மகாராணி நடுவில். முட்டியில் மஞ்சளாகிவிட்ட பழைய காயம்.

"தொடங்கலாம்" என்றார் அதிகாரி.

கிரேன் துணியை விரித்தாள். நாத்தனார் எதிர்ப் பக்கம் இழுத்துச் சரி செய்தாள். இரண்டு பேருக்கும் கை பழகியிருந்தது. பிறகு கேட்க வேண்டிய கட்டம் வந்தது. கிரேன் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மகாராணி, நாற்காலிக்குப் பிரேக்…"

மகாராணி கண்ணை மூடினாள்.

சும்மா மூடவில்லை. நெற்றி சுருங்க, கன்னம் நடுங்க, இறுக்கி மூடினாள்.

"ஏண்டி? வலிக்குதா?" கண் திறக்கவில்லை. "துணி குத்துதா?" திறக்கவில்லை.

நாத்தனார் குனிந்தாள். "மகாராணி, என்னன்னு அவங்ககிட்ட…"

கண்கள் இன்னும் இறுகின. கழுத்து நரம்பு புடைத்தது.

அதிகாரி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். "பிள்ளை வேண்டாம்னு சொல்றா. அவ சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க தொடக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும்மா" என்றாள் கிரேன்.

 வெளியே ஒரு வேன் பின்னால் வருகிற ஓசை கேட்டது. மூலையில் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்துகொண்டே இருந்தது.

கிரேன் அந்த மூடிய முகத்தையே பார்த்தாள். இரண்டு வருஷம். ஒவ்வொரு நாளும், துண்டுக்கும் சோப்புக்கும் குத்தலுக்கும் ஏச்சுக்கும், இந்தப் பிள்ளையின் முகத்தைத் தட்டித் தட்டித்தான் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். வாய் திறந்து "போதும்" என்று சொல்ல முடியாதவள் மேல் எல்லாவற்றையும் இறக்கியிருக்கிறார்கள். இப்போது அவள் கதவைச் சாத்திவிட்டாள். தட்டினாலும் திறக்க மாட்டாள். தன் பள்ளிக்கூடமே போனாலும் திறக்க மாட்டாள் போலிருந்தது.

கிரேன் நிமிர்ந்தாள். நாற்காலிக்கு மேலாக, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, நாத்தனாரின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்த முகம் கொஞ்சம் வயதாகியிருந்தது. மூக்கு மட்டும் அப்படியே மாமனாரின் மூக்கு.  

"பிரேக் போட்டாச்சா?"

நாத்தனாருக்குத் தூக்கிப் போட்டது. கேள்வி எங்கிருந்து வருகிறது, இந்த அறையிலிருந்தா, அந்த முன்னறையிலிருந்தா என்று தெரியாதவள் மாதிரி நின்றாள்.  பதில் சொல்ல மாட்டாளோ என்று கிரேனுக்கு ஒரு நொடி பயம் வந்தது.

பிறகு அவள் குனிந்து இரண்டு பிரேக்கையும் கையால் தொட்டு அசைத்துப் பார்த்தாள்.

"போட்டாச்சு. ரெண்டும் போட்டாச்சு. இங்க இருந்து பார்த்தா தெரியலையா?"

"தெரியுதோ இல்லையோ, கேட்கிறது என் வேலை. ஒட்டகத்துக் கால் விரிச்சாச்சா?"

"விரிச்சாச்சு."

மகாராணி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"இடது தோள்?"

"மாட்டியாச்சு. பச்சை."

"இந்தப் பக்கமும் பச்சை. இடது கால்?"

"கருப்பு. மாட்டியாச்சு. இழுத்தும் பார்த்தாச்சு. இந்தத் தடவை நான் சொல்றதுக்கு முன்னாடி அழுத்தப் போறதில்லையே?"

"இந்தத் தடவை வாயில கிளிப் இல்லையே?"

முட்டி சார் இருமினார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கிரேன் மகாராணி முன்னால் முட்டியை மடக்கிக் குனிந்தாள். முதுகை மடக்கவில்லை. "நாலு விரல் தூக்கி நிறுத்துவேன். பார்த்துட்டு மேல தூக்குவேன். சரியா?" இந்தக் கேள்வி வேறு யாருக்கும் போகவில்லை, அவளுக்கு மட்டுமே.

மகாராணி இரண்டு கண்ணையும் திறந்தாள். கிரேனை மேலும் கீழும் பார்த்தாள். அவசரம் அவளுக்கு இல்லை. பிறகு கண்ணை மேலே தூக்கினாள்.

ஒட்டகம் தூக்கியது. நாலு விரலில் நின்றது. "நாலும்?" "நாலும் இறுகியிருக்கு." மறுபடி தூக்கியது. மகாராணி துணிக்குள் தொட்டிலில் கிடப்பது போல ஒரு சுற்றுத் திரும்பி, பாய்க்கு மேல் வந்து, ஓசையில்லாமல் இறங்கினாள். தோள் இருந்த இடத்தில் இருந்தது.

அதிகாரி காகிதத்தில் எழுதியதைப் பெரிய டீச்சர் பிறகு எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "கேள்வியும் பதிலும் தெளிவு. தொனி கடுமை. தேர்ச்சி."

அந்த அம்மா நன்றி சொல்லவில்லை. மகளின் தலையைத் தடவிவிட்டு, "நாளைக்கும் இதே மாதிரி இருக்கணும். நான் வந்து பார்ப்பேன்" என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, மீதி அரை நாள் வேலைக்கு ஓடினாள்.

கை கழுவுகிற இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். குழாய் இரண்டு, சோப்பு ஒன்று. நாத்தனார் முதல் தடவை கழுவினாள். இரண்டாவது தடவை கழுவினாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கும் இப்படிக் கேட்டிருக்கலாம்."

"நீ" என்றும் இல்லை, "நீங்க" என்றும் இல்லை.

"கேட்கல" என்றாள் கிரேன். தன் பக்கத்துக் குழாயைத் திறந்துகொண்டே, "கேட்டிருந்தா மட்டும் போடலைன்னு ஒத்துக்கிட்டிருப்பியா?" என்றாள்.

நாத்தனார் மூன்றாவது தடவை சோப்புப் போட்டாள். "போடலைன்னு சொல்லியிருப்பேன். நான் போடல. அது எனக்குத் தெரியும்."

குழாயை இறுக்கி மூடினாள், துண்டை நாலாக மடித்தாள், போய்விட்டாள். கிரேன் கை ஈரத்தோடு அங்கேயே நின்றாள். இரண்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவளும்தான் போடவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் பஸ்ஸில் ஒருத்தி முன்வாசலில் ஏறினாள், ஒருத்தி பின்வாசலில்.

வீட்டில் புருஷன் ஆவலாகக் கேட்டான். "பேசிட்டீங்களாமே ரெண்டு பேரும்?"

"யாரு சொன்னா?"

"தங்கச்சி போன் பண்ணா."

"பேசல. நான் கேட்டேன், அவ பதில் சொன்னா. அது வேலை."

அவன் கொஞ்சம் தயங்கினான். "அப்ப ஞாயித்துக்கிழமை அவளை வீட்டுக்குக் கூப்பிடட்டுமா?"

கிரேன் தரையில் நீட்டிப் படுத்தாள். காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தாள். இடது கட்டைவிரல் இன்னும் மரத்துத்தான் இருந்தது. மாமனாரின் கட்டில் இருந்த இடத்தில் இப்போது துணி காயப்போடும் கம்பி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடு" என்றாள். "நான் வீட்டுல இருக்க மாட்டேன்."